மூன்றாவது பாட்டுப்புத்தகம்

சலிண்டா பர்க்ஹோல்டருக்கு ஒரு குறையும் கிடையாது. அதை அவளே சொல்லுவாள். லான்காஸ்டர் பக்கத்தில் அறுபது ஏக்கர் நிலம், பதினான்கு கறவைப் பசு, ஐந்து பிள்ளைகள், அதிர்ந்து பேசாத புருஷன் ஹார்வி. அவள் போட்ட பீட்ரூட் ஊறுகாயைத் தின்றவர்கள் அடுத்த வீட்டு ஊறுகாயைத் தொடமாட்டார்கள். இருந்த குறை ஒன்றே ஒன்று. அதை வெளியே சொல்ல முடியாது.

1927 கோடையில் சபைக்கு ஒரு போதகர் வேண்டியிருந்தது. எங்கள் மெனோனைட் சபையில் அந்த வேலைக்கு யாரும் மனுப் போடுவதில்லை. ஆசைப்பட்டாலே பெருமை பிடித்தவன் என்று பேர். சபையார் பேர் சொன்ன நான்கு ஆண்களை முன்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மேஜைமேல் நான்கு பாட்டுப்புத்தகங்கள், ஒன்றுக்குள் மட்டும் திருவுளச்சீட்டு; அது யார் கைக்கு வருகிறதோ அவர்தான் போதகர். ஹார்வியின் கை மூன்றாவது புத்தகத்தின் மேல் போய் நின்றது. என்ன தோன்றியதோ, நகர்ந்து இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதை எடுத்தவன் நோவா ஹோர்னிங். சீட்டு அதில் இருந்தது.

நோவா அழுதான். அவன் மனைவி ஃபியானா அழுதாள். சலிண்டாவும் அழுதாள். எவ்வளவு இளகிய மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

கையை ஏன் நகர்த்தினீர்கள் என்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள். சீட்டை விழவைப்பது கர்த்தர், கையை ஏன் குறை சொல்கிறாய் என்றான் ஹார்வி. இப்படிப்பட்ட மனுஷனோடு சண்டைகூடப் போட முடியாது.

ஃபியானா அவளோடு ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவள். கணக்கில் மக்கு. அவளுக்கு இப்போது விருந்துகளில் முதல் இடம். சலிண்டாவுக்கு வயிறு எரிந்தது. தாழ்மையிலாவது அவளை ஜெயிக்கலாம் என்று பார்த்தாள். ஃபியானா ஆடம்பரம் வேண்டாமென்று தொப்பி நாடாவை அரை அங்குலம் குறைத்தால் இவள் முக்கால் அங்குலம் குறைப்பாள். அதையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வருஷத்துக்கு இரண்டு முறை, திருவிருந்துக்கு முன்னால், ஒவ்வொருவரும் பக்கத்து அறைக்குள் போய்ப் பிஷப்பிடமும் போதகரிடமும் ‘கடவுளோடும் மனுஷரோடும் சமாதானமாக இருக்கிறேன்’ என்று சொல்லவேண்டும். சொல்லாதவர்களுக்குத் திருவிருந்தின் அப்பம் கிடையாது. பதினோரு வருஷத்தில் இருபத்திரண்டு முறை சொன்னாள், அதுவும் நோவாவின் முகத்துக்கு நேரே. ஒவ்வொரு முறையும் அப்பத்தை வாங்கித் தின்றாள். பொய்யோடு அதைத் தின்பவர்கள் தங்கள் தண்டனையைத் தின்கிறார்கள் என்று வேதம் சொல்வது அவளுக்குத் தெரியாததல்ல. இந்தமுறை உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் போவாள். வாய் வராது.

1938 இலையுதிர்காலத்தில் வரிசையில் அவளுக்கு முன்னால் ஃபியானா. உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. நேரே வந்து சலிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சலி, உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். பதினோரு வருஷமா உன்னப் பாத்து வயிறெரிஞ்சேன்டி. உன் புருஷன் சாயங்காலமானா வீட்டுல இருக்காரு. என் புருஷன் ஊர்ச் சாவுக்கும் ஊர்ச் சண்டைக்கும் ஓடறாரு. பால் கறக்கறதும் நான்தான், வைக்கோல் தூக்கறதும் நான்தான். அந்தப் புத்தகத்த ஹார்வி எடுத்திருக்கக் கூடாதான்னு நெனச்சு நெனச்சுப் புழுங்கினேன். இப்ப அவரு முன்னாடியே சொல்லிட்டேன்.”

மன்னித்தேன் என்று சொல்லி சலிண்டா அவளை முத்தமிட்டாள். கூடவே ‘நானும்தான்’ என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே நோவா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். காதுமடல் வரை சிவந்துபோயிருந்தான். சமாதானமாக இருக்கிறாயா என்று பிஷப் வழக்கம்போல் கேட்டார்.

“இல்லைங்க ஐயா,” என்றாள் சலிண்டா.

யார்மேல் வருத்தம் என்று கேட்டார்.

“இப்ப வெளிய போனாளே, அவ மேலதான்.”

“அவதான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லிட்டுப் போனாளேம்மா?”

“அதாங்க ஐயா. பதினோரு வருஷமா நான் சொல்ல வந்து சொல்ல முடியாம போனதுங்க அது. அதுலயும் அவளே முந்திக்கிட்டா.”