ஒரு கை ரேடியோ

சீதளநாதனுக்கு மொத்தம் மூன்று தடவை ஷாக் அடித்திருக்கிறது. முதல் இரண்டும் பிளக்கைப் பிடுங்க மறந்ததால். மூன்றாவது, 1963 ஆவணியில், பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

அவனுக்குச் செஞ்சிக் கடைவீதியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம். ரேடியோ ரிப்பேர் மதியத் தூக்கத்துக்குப் பதில். வல்லத்தில் தன் வீட்டில் இரண்டு வருஷமாக ஊமையாகக் கிடந்த வால்வு ரேடியோவை மாமனார் தரணேந்திர நயினார் கொண்டுவந்து வைத்தார்.

"ஆவணிக்குள்ள பேச வெச்சிட்டா உங்களுக்கே, மாப்ளே. இல்லாட்டி திருப்பிக் குடுத்துடுங்க. தவிட்டுப் பானைமேல பாரம் வைக்கவாவது ஆவும்."

மாமனார் வீட்டுப் பொருளை ஒரு கையால் தொடுவது வழக்கமில்லை. சீதளநாதன் பெட்டியைத் திறந்து, ஒருதரம் கரண்ட் கொடுத்துப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் பயபக்தியோடு தூக்கினான். ஒரு கை தகரச் சட்டத்தில், இன்னொன்று கண்டென்சர் முனையில். பிளக் பிடுங்கியும் கண்டென்சர் தன் பங்கைச் சேமித்து வைத்திருந்தது. மரியாதை அவனைச் சுவரோரம் உட்காரவைத்தது.

அப்புறம்தான் ரேடியோ ரிப்பேர் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தான். 'மின்சாரம் நெஞ்சைக் கடக்காதிருக்க, இடது கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும்' என்றிருந்தது. வேட்டிக்கு ஏது பை? கையை முதுகுக்குப் பின்னால் இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டான்.

ஆவணி கடைசி ஞாயிறு. கரண்டை மாற்றிக் கொடுக்கும் ரெக்டிஃபையர் வால்வு தவிர மற்ற வால்வுகளைக் கழற்றி, கரண்ட் கொடுத்துச் சோதித்து, பிளக்கைப் பிடுங்கிய நேரம் நயினார் நுழைந்தார்.

"இன்னா மாப்ளே, ஒத்தக் கையில நோண்டுறீங்க? எச்சி எலையா அது? குடுங்க, நானே எடுத்துனு போறேன்."

இரண்டு கையையும் நீட்டினார். சீதளநாதன் பட்டென்று அவர் கையில் அடித்தான்.

கதவருகே நின்ற அவன் மனைவி நீலாஞ்சனா, "நைனாவயே அடிச்சிட்டியா?" என்றாள். கோபத்தில் 'நீங்க' காணாமல் போயிருந்தது.

அவன் பிளக்கை மாமனார் கையில் கொடுத்துவிட்டு, கண்டென்சருக்கும் சட்டத்துக்கும் குறுக்கே, உறைபோட்ட கம்பிகள் கோத்த சின்ன பல்பை ஒரே கையால் வைத்தான். பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது.

நயினார் பிளக்கைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். "வயரு என் கையில இருக்குது. இது எங்கேர்ந்து எரிஞ்சுது?"

"அதத்தான் மாமா நீங்க ரெண்டு கையால வாங்கப் பாத்தீங்க."

"என்னிக்குப் பேசும்?"

"ஒரு வால்வு செத்துப்போச்சு. திண்டிவனத்துலேர்ந்து வரணும். புதன்கிழம பேசும்."

"ஆவணி நாளைக்கே முடியுதே." நயினார் பிளக்கைக் கீழே வைத்தார். "சரி, ரெண்டு நாள்தானே."

புதன்கிழமை ரேடியோ பேசியது. அடுத்த ஞாயிறு முதல் நயினார் வாராவாரம் செஞ்சிக்கு வந்தார். செய்தி முடியும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே கேட்டார்.