நகத்தில் இருக்கிற சாட்சி

சாலை பஜாரில் டாக்டரைத் தாக்கியதாக ஒருவரைப் பிடித்திருப்பதைக் காவல் ஆய்வாளர் சற்றுமுன் என்னிடம் உறுதிசெய்தார்.

இவ்வூர் நீதிமன்றங்களுக்கு மரபணுச் சோதனையை முதலில் கொண்டுவந்தவர் எங்கள் கரமனைப் பகுதி டாக்டரம்மா. அவர் ஓய்வுபெற்ற பிறகும் சிலருக்குக் கோபம் தீரவில்லை.

காலையில் மளிகைக் கடையில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்தான். "உன் ரிப்போர்ட்டாலதான் என் சேட்டன் ஜெயில்ல கெடக்கான்" என்று அண்ணனுக்காகக் கத்தி, இரும்புக் கம்பியை அவர் தலையில் இறக்கினான். டாக்டர் விழுந்துகொண்டே அவன் கழுத்தைப் பிறாண்டினார். அவன் அவர் விலாவில் மிதித்துவிட்டு ஓடினான்.

டாக்டர் முகமெல்லாம் ரத்தம். கடைக்காரர் தண்ணீரோடு வந்தார்.

"அம்மா, கையக் கழுவுங்க."

"கையத் தொடாதீங்கோ அண்ணாச்சி. நகத்துல அவன் தோல் இருக்கு. பேப்பர் கவர் போட்டுக் கட்டுங்கோ. பிளாஸ்டிக் வேண்டாம், வேர்த்துக் கெட்டுடும்."

இரண்டு கையிலும் மளிகைக் கவரோடு ஆம்புலன்ஸில் ஏறினார்.

தலையில் தையல் போட்டிருக்கிறார்கள், பேசுகிறார். பின்னால் யாரும் குறை சொல்லக்கூடாதென்று, நகத்துணுக்குகளைத் தன் மாணவிகள் இல்லாத வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

பிடிபட்டவர் காலையில் வீட்டில் தூங்கினாராம். கழுத்தில் கீறியது பூனையாம்.

ஆய்வக முடிவு அடுத்த வாரம் வரும். அதுவரை பூனையை நம்புகிறவர்கள் கீழே கமென்ட்டில் சொல்லலாம்.