மைனஸ் அறுபத்திரண்டு

வீட்டுக்குள் சிக்னல் இல்லை, அதனால்தான் மகனின் அழைப்பு வருவதில்லை என்று நான்தான் புகார் கொடுத்திருந்தேன். போன் கம்பெனியிலிருந்து எங்கள் காமயகவுண்டன்பட்டிக்குச் சிக்னல் அளக்க வந்தவர் நரைத்த மீசைக்காரர். வந்ததும் தன் செல்போனை வீட்டையொட்டிய திராட்சைத் தோட்டத்துக் கல்தூணின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

“என் போனும் சிக்னல் விடும்ணே. மீட்டரு அதையும் சேத்து அளந்துரும்.”

மீட்டரைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். “எல்லாமே மைனஸ்லதான் வரும். நூறத் தாண்டுனா மோசம். எழுவதுக்குள்ள இருந்தா நல்லா எடுக்கும்.”

அறை அறையாக நடந்து, நான் போனோடு உட்காரும் சன்னலோர நாற்காலியருகே வந்து நின்றார். திரையில் மைனஸ் அறுபத்திரண்டு. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“மகன் எங்கன இருக்காக?”

“துபாயில.”

அவர் மீட்டரை அணைத்தார். “இங்கன கொஞ்சம் வீக்குதாண்ணே. மகன் கூப்பிட்டுத்தான் இருப்பாக, லைன் கெடைச்சிருக்காது.”

போகும்போது தூணிலிருந்து போனை எடுத்தவர், வெயிலுக்குக் கை மறைத்துத் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவரையும் யாரோ கூப்பிட வேண்டியிருந்ததோ என்னவோ.

இப்போதும் யாராவது மகனைப் பற்றி விசாரித்தால், எங்கள் வீட்டில் சிக்னல் வீக் என்றுதான் சொல்கிறேன்.