தூங்கும் கணக்கு

கண்ணாடிக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்தக் கடைவீதி பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்தினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து நான்காவது தரமும் இழுப்பார். "பூட்டு கையோட வந்துடப் போகுதுண்ணே" என்று எதிர்க்கடை மருந்துக்கடையம்மா கேலி செய்வாள். இவரும் அசடு வழிவார். ஆனால் அவருடைய பயம் பூட்டைப் பற்றியதில்லை, தங்கையைப் பற்றியது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தங்கை, உடைந்த கையில் மாவுக்கட்டோடு, பதினொரு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு புருஷனை விட்டு ஓடினாள். எந்த ஊர் என்று அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு வருஷம் சல்லடை போட்டுத் தேடினான். இந்தக் கடைக்கே வந்து, லென்ஸ் தேய்க்கும் மேசைமேல் ஏறி உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே, "மச்சான், கையில கெடச்சா உயிரோட விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு ஓய்ந்தான். செத்துப்போய்விட்டாள் என்றே நம்பிவிட்டான். அப்படி நம்ப வைத்தது அவளுடைய பிளாக்செயின் கணக்கு.

அவன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். கல்யாணமான புதிதில் அவளுடைய சேமிப்பை அதில் போட வைத்ததே அவன்தான். கணக்கைத் திறக்கும் ரகசியச் சொற்களை மட்டும் அவள் அவனுக்குக் காட்டவில்லை. அந்தப் புத்தியாவது இருந்ததே! பிளாக்செயின் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஒரே கணக்குப் புத்தகத்தை அறுநூறு பேர் ஆளுக்கொரு மிஷினில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தக் கணக்கு அசைந்தாலும் ஊர் உலகத்துக்கே தெரியும். யாருடைய கணக்கு என்பதுதான் தெரியாது. ஆனால் இது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். வெறுங்கையோடு போனவள் இத்தனை வருஷம் அதைத் தொடவில்லை என்றால் அவள் இல்லை என்றுதானே அர்த்தம்? அவளோ துணிக்கடையில் நாள் முழுக்க நின்று, அரைவயிறு சாப்பிட்டு, அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பிளாக்செயினுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு புது விதியை எழுதி வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் அசையாத கணக்கெல்லாம் தூங்கும் கணக்காம். விதி அமலுக்கு வந்த ஒரு மாதத்துக்குள் சொந்தக்காரர் அதைத் திறந்து காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் முடக்கிவிடுவார்களாம்.

"என்னண்ணா பண்றது? பொண்ணு காலேஜுக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்று தங்கை போனில் அழுதாள். "தொறந்தா வந்துடுவானே!"

கண்ணாடிக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த அறுநூறில் ஒரு மிஷின் அவரிடமும் உண்டு, மேசைக்கு அடியில் லென்ஸ் தூசியோடு. நல்ல காலத்தில் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷனே, மாட்டிக் கொடுத்தது. விதியை எழுதியவர்களின் இணையப் பக்கத்தில் போய்க் கேட்டார். "நாங்க எழுதித்தான் தர்றோம். ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் மிஷின் வச்சிருக்கவங்க இஷ்டம்" என்றார்கள். மிஷின் வைத்திருப்பவர்களைக் கேட்டார். "எழுதினவங்க விவரம் தெரியாமலா எழுதியிருப்பாங்க?" என்றார்கள். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, பணம் போட்டவர்களை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபம் தலைக்கேறி, "யாரைக் கேட்டு மாத்தறீங்க?" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். அடுத்த நிமிஷமே அதை அழித்தும் விட்டார்.

குறித்த நாளுக்குள் நானூற்றைம்பது மிஷின்கள் புது விதியை ஏற்றினால் விதி அமலாகும். இவர் தன் மிஷினைத் தொடவே இல்லை. தொடாமல் இருந்தால் மறுத்ததாகத்தானே கணக்கு!

கடைசி நாள் மதியம், யார் யார் ஏற்றினார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். ஏற்றவை நானூற்று ஐம்பத்து மூன்று. மாலை ஆறு மணியோடு கெடு முடிகிறது. பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். ஏற்றவர்கள் வரிசையில் 'கண்ணாடிக்கடை' என்று இருந்தது.

"அடப்பாவி! எம் பேர்ல சரின்னு சொன்னது எவன்டா?"

யாரும் சொல்லவில்லை. மிஷினை மாட்டிய அன்று மாப்பிள்ளை, "மச்சான், இங்க ஒரு டிக் போட்டுட்டா புதுசு எது வந்தாலும் அதுவே ஏத்திக்கும். நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்" என்று சொல்லிப் போட்ட டிக் அது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அதைப் பார்த்துப் பழகிய இவர், மருந்துக்கடை, போட்டோ ஸ்டுடியோ, அச்சகம் என்று வீதியில் மூன்று பேருக்கு மிஷின் மாட்டிக் கொடுத்து, மூன்றிலும் தன் கையாலேயே அதே டிக்கைப் போட்டிருந்தார். நான்கையும் மாற்றினால் நானூற்று நாற்பத்தொன்பது.

தன் மிஷினைப் பழைய விதிக்குத் திருப்பிவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார்.

"ஒங்க மிஷின்ல ஒண்ணு மாத்தணும்மா. மாத்திக்கட்டுமா?"

"அது என்னன்னே எனக்குத் தெரியாது. நீங்களா பாத்து எது பண்ணாலும் சரிண்ணே. ஆமா, ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"வெயில்மா" என்றார். வானம் மூடிக்கிடந்தது.

ஸ்டுடியோவிலும் அச்சகத்திலும் ஆள் இல்லை. சாப்பாட்டு நேரம். போன் செய்து கேட்டால் ஏன் என்பார்கள். என்னவென்று சொல்வது? இரண்டுக்கும் பாஸ்வேர்டு இவரிடம் இருந்தது. யாரைக் கேட்டு மாத்தறீங்க என்று எழுதிய அதே மனிதர், யாரையும் கேட்காமல், தன் கடையில் உட்கார்ந்தபடியே இரண்டையும் மாற்றினார். உடம்பு கூசியது. இருந்தாலும் மாற்றினார்.

ஆறு மணிக்கு நானூற்று நாற்பத்தொன்பது. விதி செல்லாமல் போனது. மேசையில் தலையைக் கவிழ்த்து, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். தங்கைக்குப் போன் போட்டு, "தப்பிச்சோம்மா" என்றார்.

ஆறரைக்குப் போன் அடித்தது. நாலு வருஷமாகக் கேட்காத குரல்.

"என்ன மச்சான், சௌக்கியமா? இந்த விதி எப்படி ஊத்திக்கிச்சுன்னு பட்டியலைப் பாத்துட்டு இருந்தேன். கடைசி நேரத்துல நாலே நாலு மிஷின் மாறியிருக்கு. நாலும் ஒங்க வீதிக் கடைங்க பேரு. அதுல ஒண்ணு நான் மாட்டிக் குடுத்தது."

"அது... சும்மா, ஏதோ கோளாறு மாப்ளே..."

"தூங்கற கணக்கு மேல ஒங்களுக்கு என்ன மச்சான் அவ்ளோ அக்கறை?" அவன் சிரித்தான். "எந்த ஊர்ல இருக்கா?"

கண்ணாடிக்காரர் போனை வைத்தார். மூன்றாவது முயற்சியில்தான் தங்கையின் எண்ணை அழுத்த முடிந்தது.

"கெளம்பும்மா. பொண்ணைக் கூட்டிட்டு இப்பவே கெளம்பு. எங்க போறேன்னு எங்கிட்டகூட சொல்லாத."