நான்காவது வரி

என் மேசைமேல் ஒரு தேன்பெட்டியின் மூடி கிடக்கிறது. போன மாதம் வீட்டுச் சாமான்களை ஒதுக்கியபோது மாமி எனக்கென்று எடுத்து வைத்துக் கொடுத்தது. உட்புறத்தைத் திருப்பினால் தாள்மேல் தாளாகப் பத்திரிகைத் துண்டுகள். எல்லாம் ஒரே அளவு, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. 'அடுத்த ஏழு நாள்' என்று தலைப்பு, அதன்கீழ் நான்கு வரி வானிலை. பசை வாங்க மாமா கடைக்குப் போனதில்லை. மரத்தில் கட்டிய சிரட்டையில் நிற்கும் ரப்பர் பாலை விரலால் தொட்டு ஒட்டிவிடுவார். ஒன்பது வருடம் ஆகியும் ஒரு துண்டுகூட உரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற துண்டில் மட்டும் மூன்று வரிதான் இருக்கிறது.

மாமா என் அம்மாவின் கூடப்பிறந்தவர். நாகர்கோவிலுக்கு மேற்கே, கருங்கல் என்ற ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துப் பிழைத்தவர். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில்தான் ரப்பர் மரம் பழைய இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். அந்தத் தளிர்க் காம்பில் தேனீக்கள் குடிக்கும் மது ஊறும். வருடத்துத் தேன் முழுவதும் அந்த ஆறேழு வாரத்துக்குள் எடுத்தால்தான் உண்டு. நடுவில் ஒரு மழை ஓங்கி அடித்தால் மதுவெல்லாம் கழுவிக்கொண்டு போகும், ஈக்கள் பட்டினி கிடக்கும். ஆகவே பந்தல் போட்டுவிட்டு மேலே மேலே பார்த்துக்கொண்டிருக்கும் கல்யாண வீட்டுக்காரரைப்போல மாமா இரண்டு மாதம் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்லவரும் காலத்துக்குச் சில வருடங்கள் முன்பு நோய் வந்து கூடுகளில் ஈக்குஞ்சுப் புழுவெல்லாம் செத்து, அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு பெட்டி. அந்த ஒன்றைப் பிரித்துப் பிரித்து முப்பத்தெட்டு ஆக்கியிருந்தார். பிள்ளை இல்லாத வீடு. அந்தப் பெட்டிகளிடம் அவர் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.

நான் அப்போதும் இப்போதும் நாகர்கோவிலில் ஒரு சிறிய பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமைதோறும் வந்துசேரும் வானிலை அறிக்கையைச் சுருக்கி, நான்கு வரியாக்கி, கட்டத்துக்குள் போடுவது என் பொறுப்பு. அறிக்கை எழுதுவது யாரோ. ஆனால் அதை நானே எழுதுவதாக மாமா நம்பினார். கருங்கல் சந்தையில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "மழய பத்தி எனக்க மருமவளாக்கும் எழுதுதா" என்று சொல்லிவைத்திருந்தார். ஒருநாளும் நான் அதைத் திருத்தவில்லை. உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதுதான் உண்மை. வெள்ளிக்கிழமை காலையில் போன் வரும். "மக்ளே, கண்டேன் கேட்டியா, நல்லா எழுதியிருக்க" என்பார். வெயில் அடிக்கும் என்று எழுதியதில் பாராட்ட என்ன இருக்கிறது என்று நானும் சிரிப்பேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. கொடை விழாக் காலம் ஆதலால் பக்கமெல்லாம் விளம்பரம். கடைசி நேரத்தில் இன்னொரு கோயில் கொடைக்கு வாழ்த்து விளம்பரம் வந்தது. அதை நுழைக்க ஒரு வரி இடம் போதவில்லை. எதை வெட்டலாம் என்று பார்த்தேன். வானிலைக் கட்டத்தின் நான்காவது வரியில், 'மேற்கு வட்டங்களிலும் மலையோரத்திலும் ஓரிரு இடங்களில் காற்றுடன் மழை பெய்யலாம்' என்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அலுவலகம் இருக்கும் கோட்டாறு முழுக்க மொட்டை வெயில், ஒரு மேகம் இல்லை. ஓரிரு இடம்தானே, அதுவும் பெய்யலாம்தானே என்று வெட்டிவிட்டேன். நாகர்கோவிலில் குடியிருக்கும் எங்களுக்கெல்லாம் ஒரு நோய் உண்டு. எங்கள் தெருவில் வெயில் என்றால் மாவட்டம் முழுக்க வெயில். கருங்கலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, பத்து வருடத்தில் அந்த நோய் எனக்கும் தொற்றியிருந்தது. மேற்கு வட்டம் என்றால் என் மாமா என்பது அந்த நிமிடம் எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மழை அடித்தது. திங்கட்கிழமை காலை மாமி போனில் அழுதாள். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா ஓடைக்கரையில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக வைக்கும் மேட்டுத் தோட்டத்தில் தளிர் முற்றி மது வற்றிவிட்டதாம். ஓடைக்கரைத் தோட்டத்தில் அப்போதுதான் துளிர்த்திருந்தது. பள்ளமான இடம், மழை வந்தால் ஆபத்து. ஏழு நாள் மழையில்லை என்பதால் வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்ததும் பெட்டிகளின் வாசல்களை அடைத்து, முப்பத்தெட்டையும் டெம்போவில் ஏற்றி அங்கே இறக்கிவிட்டார். மலையில் பெய்த மழை ஓடை வழியாக இறங்கிவிட்டது. மழையென்றால் ஈ வெளியே வராது. எல்லாம் கூட்டுக்குள்ளேயே இருந்திருக்கின்றன. கவிழ்ந்து கிடந்த பெட்டிகளுக்குள் வடிகட்டிப்போட்ட தேயிலைத்தூளைப்போல அப்பிக் கிடந்தன. மாமா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, மூடினார். தாழம்புதரில் சிக்கிக் கிடந்த முதல் பெட்டியின் மூடியை எடுத்துச் சட்டையால் துடைத்து மாமியிடம் கொடுத்தார்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், "பேப்பர்ல மழையில்லண்ணுல்லா போட்டிருந்து? பொய்யா போச்சே" என்றார். என்னைத் தெரியாமல்தான் சொன்னார். மாமா சட்டென்று திரும்பினார். "எனக்க மருமவ எழுதினதுல ஒரு பெழையும் இல்ல. மழதான் வழி தெத்தி வந்துட்டு" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மாமியோடு சேர்ந்து நானும் அழுதேன். எல்லாரும் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் அடுக்களையில் மாமி சொன்னதுதான் இன்றுவரை என்னை விடாமல் குடைவது. "ரேடியோவுல மழ உண்டுண்ணு சொன்னான். பெட்டிய கொண்டு போவாதீங்கண்ணு நான் தலயால அடிச்சேன். மனுசன் கேட்டாரா? ரேடியோக்காரன் ஊருக்கெல்லாம் சேத்துச் சொல்லுவான், நம்ம பிள்ள மழ உண்டுண்ணு எழுதலியேண்ணு சொல்லிட்டு வண்டிய கூப்பிட்டாரு." மாமி சோறு போட்டாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன். உண்மை அவர் காதில் விழுந்திருக்கிறது. என் மேல் இருந்த பிரியத்தால் அதை ஒதுக்கியிருக்கிறார்.

மாமா அதன்பின் பெட்டி வைக்கவில்லை. யாரோ ஒரு பெட்டி ஈக்கூட்டம் தருவதாகச் சொன்னார்கள். "ஒண்ணுல இருந்து ரெண்டாவது தடவ தொடங்க எனக்க ஆயுசு காணாது" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து நான் கட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட வெட்டியதில்லை. விளம்பரக்காரர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியாது.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதத் துணிந்ததற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன், அது ஒன்றும் பெருந்தன்மை இல்லை. மாமாவுக்கு இப்போது கண் தெரியாது. சுகர் கொண்டுபோய்விட்டது. அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் போன் செய்வது மட்டும் நிற்கவில்லை; பத்திரிகை வரும் வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் வியாழக்கிழமை மாலையிலேயே கூப்பிடுகிறார். முற்றத்தில் காய்கிற கொஞ்சம் நல்லமிளகுக்காக ஏழு நாளையும் நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

நேற்றும் வந்தது. வாசித்தேன். மேற்கே மழை உண்டு என்றேன். "அப்ப செரி, மொளக வாரி வைக்கச் சொல்லுதேன்" என்றவர் போனை வைக்கவில்லை. "மாமி சொன்னா, என்னப் பத்தி என்னவோ எழுதுதியாம்? அவகிட்ட ஈய பத்தியெல்லாம் கேட்டியாமே?" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "ஞாயிற்றுக்கிழம வந்து வாசிச்சுக் காட்டு மக்ளே. அடுத்த வீட்டுக்காரங்களயும் கூப்பிட்டு வைக்கேன். முழுசா வாசிக்கணும், கேட்டியா?"

கேட்டது என்றேன். அதிலிருந்து இந்தப் பக்கங்களையும் அந்த மூடியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தெந்த இடத்தை விட்டுவிட்டு வாசித்தால் அவருக்குத் தெரியாது என்று பேனாவால் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்று இடம் குறித்த பிறகுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தேன்.