பாதத்தில் ஐம்பத்திரண்டு

இது கற்பனை இல்லை. அன்று டைரியில் நேரம் போட்டு எழுதியதைத்தான் இங்கே எடுத்து எழுதுகிறேன். நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று பலமுறை என்னையே சந்தேகப்பட்டுவிட்டேன். ஆனால் அன்று எண்ணியது நான் மட்டும் இல்லை.

பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் நர்சிங் வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனையில் பயிற்சி, நான்கு மணி முதல் எட்டு வரை. எனக்குக் கிடைத்தது கால் ரத்தக்குழாய் வார்டு. மூன்றாம் கட்டிலில் ஒரு பெயின்டர் படுத்திருந்தார். வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துப்போய், அன்று காலையில்தான் தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழே மாற்றுக்குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். மணிக்கு ஒருமுறை அந்தப் பாதத்தின் நிறம், சூடு, உணர்ச்சி, நாடித்துடிப்பு எல்லாம் பார்த்து எழுத வேண்டும். துடிப்பு நின்றால் உடனே சொல்ல வேண்டும். சில மணி நேரம் கோட்டை விட்டால் கால் போய்விடும். ஏணி ஏறிப் பிழைக்கிறவர் அவர்.

மாலை 4.10. பாதம் கதகதப்பாக இருந்தது. துடிப்பும் கிடைத்தது. எனக்கு எதையும் முழு நிமிடம் எண்ணினால்தான் திருப்தி. எண்ணினேன். ஐம்பத்திரண்டு. மணிக்கட்டில் எண்ணினேன். எண்பத்து நாலு.

ஓர் உடம்பில் ஒரு இதயம்தானே?

வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். எதையும் டைரியில் குறித்துக்கொள்வதால் அவர் எனக்கு வைத்த பெயரே டைரி.

"ஏய் டைரி, அது உன் விரலோட துடிப்பு. புதுசா வர்றவங்க எல்லாம் பண்ற தப்பு. அழுத்தாம தொடு."

என் துடிப்பையும் எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. திரும்பப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. காலையில் இருந்தவர்கள் "துடிப்பு உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நானும் அதையே எழுதினேன்.

5.10. அதே ஐம்பத்திரண்டு. வராந்தாவில் பெயின்டரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஏதோ கம்பெனியில் வாட்ச்மேன். அதிகாலையிலிருந்து அதே இரும்பு நாற்காலி. வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வலிக்குதா?"

"வலிச்சாத்தான் பரவாயில்லையேம்மா. மரத்துப்போச்சு. தம்பிக்குப் போட்ட குழாய்ல மிச்சம் இருந்தா எனக்கும் ரெண்டடி வெட்டிக் குடுங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

6.10. ஐம்பத்திரண்டு. பெயின்டர் கண்ணைத் திறக்காமல் பேசினார்.

"அது என் பாதம் மாதிரியே இல்லம்மா."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"நாள் பூரா நின்ன கால் மாதிரி கடுக்குது. நான் படுத்துல்ல கிடக்கேன்..."

6.40. என் தொல்லை தாங்காமல் சிஸ்டர் டாப்ளர் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க வைக்கிற சின்னப் பெட்டி அது. பாதத்தில் பசை தடவி முனையை வைத்தார்.

ஷ்ஷூ...... ஷ்ஷூ...... ஷ்ஷூ......

தலைமாட்டில் மானிட்டர் வேகமாக அடித்தது. டிக் டிக் டிக் டிக்.

இரண்டும் ஒட்டவில்லை.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு முனையை மெல்ல மேலே நகர்த்தினார். கணுக்கால்... ஷ்ஷூ. ஆடுசதை... ஷ்ஷூ.

முழங்கால்.

ஒன்றுமில்லை.

தொடைக்கு வந்ததும் சத்தம் திரும்பியது. எண்பத்து நாலு.

"மேல இருந்து ரத்தம் இறங்கவே இல்ல," என்றார் சிஸ்டர். குரல் அவருடையதாக இல்லை. "அப்போ கீழ ஓடுறது...?"

டாக்டருக்குப் போன் போட்டார்.

7.05. மறுபடி ஆபரேஷன் என்றார்கள். கையெழுத்து வாங்க அண்ணனிடம் ஓடினேன்.

"எழுந்திருக்க முடியலம்மா. இப்படிக் குடு."

தாள் செருகிய அட்டையை இடது கையில் ஏந்திக்கொண்டு பேனாவை வாங்கினார். அட்டை ஆடாமல் இருக்க அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பழக்கதோஷம். விரல் தானாக எண்ணத் தொடங்கியது.

மெதுவான துடிப்பு. இடைவெளி விட்டு... இடைவெளி விட்டு...

மூன்று மணி நேரமாக என் விரலுக்குத் தெரிந்த துடிப்பு.

கடிகாரம் பார்க்கத் தேவைப்படவில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

ஐம்பத்திரண்டு.

"தம்பி கால் நிக்கும்ல?" என்றார்.

"நிக்கும்ணே."

குனிந்து அவர் பாதத்தைத் தொட்டிருக்கலாம். ஐந்து நொடி வேலை.

தொடவில்லை.

பயந்ததாகக்கூட நினைவில்லை. உள்ளே எதுவுமே இல்லை. தாளை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேனா... தம்பியின் ஆபரேஷனை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேனா... இன்றுவரை தெரியவில்லை.

8.25. ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டர் வெளியே வந்தார். ரத்தக் கட்டியை எடுத்தாயிற்று, கால் பிழைத்தது என்றார். சிஸ்டரிடம் தனியாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"தையல் போட்ட கொஞ்ச நேரத்துலயே அடைச்சிருக்கு. எட்டு மணி நேரம். கால் கறுத்திருக்கணுமே..."

எனக்கு நேரமாகிவிட்டது. கிளம்பினேன். வராந்தா நாற்காலி காலியாக இருந்தது. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

மூன்று நாள் கழித்துப் போனேன். பெயின்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதத்தில் எண்பது, மணிக்கட்டில் எண்பது.

"அவங்க அண்ணன் எங்க சிஸ்டர்?"

சிஸ்டர் நிமிராமல் பதில் சொன்னார்.

"அன்னிக்கு எட்டரைக்கு டாய்லெட் வாசல்ல விழுந்துட்டார். வலது முழங்காலுக்குக் கீழ பூரா கறுப்பு. ராத்திரியே எடுத்துட்டாங்க."

"அவருக்கும் அடைப்பா?"

"இல்ல." சிஸ்டர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "எடுத்த காலை டாக்டர் திறந்து பார்த்திருக்கார். குழாய்ல ஒரு கட்டி இல்ல, கொழுப்பு இல்ல. சின்னப் பையனோட கால் மாதிரி சுத்தமா இருந்துச்சாம். ஒரு சொட்டு ரத்தம் மட்டும் இல்லையாம்."