கோத்தகிரி மலையேறும் முன் ஹீட்டர் விசிறியைப் போட்டுப் பாருங்கள்

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, காலை ஐந்தரை மணிக்குக் கோத்தகிரியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மாவுக்கு நேத்திருந்து தண்ணி எறங்கலீங்க. கண்ணத் தொறந்தா தம்பி வந்தாச்சான்னுதான் கேக்கறாங்க. பால் ஊத்த வந்துருங்க மாமா" என்றாள். உயிர் பிரியும் முன் கூடப் பிறந்தவன் கையால் ஒரு வாய்ப் பால். அக்கா கேட்டது அவ்வளவுதான். இந்தப் பயணம் அதற்காக.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். கோவை கணபதியில் ஒரு பவுண்டரியில் முப்பத்தெட்டு வருஷம் மண் அச்சு போட்டவன். நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டுகிறாள். நேரமும் தூரமும் என் ஞாபகத்தில் இருப்பவை, தப்பாது.

ஆறு பத்துக்கு நானும் மனைவி சரசும் கிளம்பினோம். கார் இருபத்திரண்டு வருஷப் பழசு, ஏசி கிடையாது. மேட்டுப்பாளையம் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஏழு ஐந்துக்குத் தொட்டுவிட்டோம். அங்கிருந்து கோத்தகிரி முப்பத்துமூன்று. குஞ்சப்பனை தாண்டியதும் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. வெளியே வைப்பர் தண்ணீரைத் தள்ளுகிறது. உள்ளே எங்கள் மூச்சே கண்ணாடியில் படிந்து பால் மாதிரி வெளுத்துவிட்டது. ஜன்னலை இறக்கினால் மழை மடியில் அடிக்கிறது. ஹீட்டர் சுவிட்சைத் திருகினேன். சத்தமே இல்லை.

சரசு துண்டால் துடைக்கத் துடைக்க மூடிக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் பஸ் ஹாரன் காதருகே கேட்ட பிறகுதான் பஸ்ஸே தெரிந்தது.

"ஏனுங்க, பால் ஊத்தப் போறமா, நமக்கு ஊத்த ஆள் தேடறமா? வண்டியத் திருப்புங்க."

திருப்பினேன். மறுபடி மேட்டுப்பாளையம், எட்டு முப்பத்தைந்து. கோத்தகிரி ரோடு பிரியும் இடத்தில் ஒரு பட்டறை. மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும், நிதானமான ஆள். "பியூஸாத்தானுங்க இருக்கும். ஒரு மணி நேரத்துல உட்டர்றனுங்க" என்றார்.

"எதுக்கால பஸ் நிக்குதுங்க. வண்டி கெடக்கட்டும், ஏறிக்கலாம்" என்றாள் சரசு.

"ஒரு மணி நேரந்தான புள்ள" என்றேன்.

பியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து சுவிட்ச் என்றார். டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார், சுவிட்ச் வழியாகக் கரண்ட் மோட்டார் வரைக்கும் வந்தது. அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மூன்று திருகாணியைக் கழற்றி மோட்டாரையே இறக்கிவிட்டார். விசிறி நிறைய வேப்பிலைச் சருகு. தண்டைக் கையால் திருகினேன், வார்த்த இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. பேட்டரியில் நேராகக் கொடுத்ததும் ஒரு முனகல், கருகின வாடை. மணி பத்தே கால்.

"தண்டு சுத்தற புஷ் தேஞ்சு புடிச்சுக்கிச்சுங்க. முன்னாடியே கத்தியிருக்குமே?"

கத்தியது. மாசியில் சர்வீஸ் விட்டபோதே கணபதியில் இருக்கும் மெக்கானிக் மாற்றச் சொன்னார். "கோயமுத்தூர் வெயில்ல எவனப்பா ஹீட்டர் போடறான்? உட்டுத்தள்ளு" என்று சொன்னது இந்த வாய்தான்.

மோட்டார் மேட்டுப்பாளையத்தில் இல்லை. கோவைக் கடைக்குப் போன் செய்து பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னார். "இன்னும் ஒரு மணி நேரமுங்க" என்றார். சரசு என் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் நின்றாயிற்றே என்று நானும் நின்றேன். கோத்தகிரி பஸ் மூன்று போயின. மூன்றாவதில் டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட் காலி. அது இன்னும் கண்ணில் நிற்கிறது. நடுவில் சரசு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். நான் கோவை பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் வந்தது பதினொன்றே முக்காலுக்கு. மாட்டினால் காற்று சாணளவு தூரம்கூட வரவில்லை. வயர் இரண்டும் இடம் மாறி விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. மறுபடி கழற்றி மாற்றி முடிக்க ஒன்று பத்து. மோட்டார் ஆயிரத்து நானூற்றைம்பது, கூலி ஐந்நூறு. போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் சொல்கிறேன்.

குஞ்சப்பனைக்கு மேல் அதே பனி. கண்ணாடி மட்டும் கழுவி வைத்தது போல் இருந்தது. இரண்டு முப்பத்தைந்துக்கு அக்கா வீட்டு வாசல். வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள்.

அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பன்னெண்டேகாலுக்கு நானே ஊத்திட்டேனுங்க மாமா. தம்பி வந்துட்டான், தம்பிதான் ஊத்தறான்னு காதுல சொன்னேன். முழுங்கிட்டாங்க."

பன்னிரண்டே கால். நான் டார்ச் பிடித்துக்கொண்டு, விசிறி ஏன் தலைகீழாகச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

பெரியவர் ஒருவர், "பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சுங்களா?" என்றார். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புதுச்சேலை போர்த்த வேண்டும். உயிரோடு இருப்பவளுக்கு அதை வாங்க மனசு வராமல் வெறுங்கையோடு வந்திருந்தேன். சரசு மஞ்சள் பையிலிருந்து அரக்கு நிறச் சேலையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எப்ப எடுத்த?"

"மூணாவது பஸ்ஸும் போனப்பறமுங்க."

மலையேறப் போகிறவர்களுக்கு: கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும் மாதம் ஒருமுறை ஹீட்டர் விசிறியைப் போட்டு ஐந்து நிமிஷம் ஓட விடுங்கள். கத்தினால் அன்றைக்கே மாற்றுங்கள். மோட்டார் புஷ்ஷும் விசிறிக் கூண்டும் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பின் காற்று குறைவாக வந்தால் வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அவசரமாகப் போக வேண்டியிருந்து எதிரே பஸ் நின்றால் காரைப் போட்டுவிட்டு ஏறிவிடுங்கள். மெக்கானிக் பொய் சொல்வதில்லை, எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் காரியம் முடிந்து இறங்கினோம். மலை முழுக்க வெயில். ஆனாலும் ஹீட்டரைப் போட்டேன். மேட்டுப்பாளையம் வரை நன்றாக ஓடியது. சரசு நிறுத்தச் சொல்லவில்லை.